நாற்பது நாளில் வைத்த உடம்பு

பதினைந்து நாளுக்கு முன்பு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். பச்சைக் கூடைக்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

"பேப்பரிலை படத்தோடை எழுதுறது நீங்கள்தானே?"

எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, "ஓம் தங்கச்சி" என்றேன்.

"அந்தப் புரோட்டீன் மாவைப் பற்றி எழுதினீங்களெல்லோ, அதை வெட்டி வைச்சிருக்கிறம். எங்கடை அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. ஆள் வத்திப்போய்க் கிடந்தவர். நீங்கள் எழுதினதைப் பாத்திட்டு ஒரு டின் வேண்டிக் குடுக்கிறம். இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கிறார்!"

என் கையில் இருந்த கத்தரிக்காயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு அரை நிமிடம் போதும்.

"சந்தோசம்" என்றேன்.

பலாலி வீதியில் பஸ் ஹோர்ன் அடித்தது. "வாறன் ஐயா" என்று ஓடிப்போய் ஏறிவிட்டார். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை.

அந்த 'சந்தோசம்' பதினைந்து நாளாக என் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அதை எடுத்துப்போடத்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்.

என் அண்ணைக்கு வயது அறுபத்து மூன்று. பண்டத்தரிப்பில் தோட்டம். வெங்காயம், பீற்றூட், இடைக்கிடை புகையிலை. மண்வெட்டி பிடித்தே திரண்ட தோள்கள் அவருடையவை. சின்ன வயதில் நாங்கள் சண்டை பிடித்தால் ஒரு கையால் என்னைத் தூக்கிக் கிணற்றடித் தொட்டிக்குள் போடுவார். அப்படிப்பட்ட மனிதர் இரண்டு வருடமாக மெலியத் தொடங்கினார். சலரோகம், அதாவது சர்க்கரை வியாதி என்று எங்களுக்குத் தெரியும். அது யாருக்குத்தான் இல்லை?

எங்கள் ஊரில் ஆண்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. கோயிலுக்குப் போனால் சேட்டைக் கழற்ற வேண்டும். பணக்காரன், ஏழை, அதிபர், தோட்டக்காரன்... எல்லோரும் வெறும் மேலோடுதான் நிற்க வேண்டும். சுவாமிக்கு முன்னால் எல்லோரும் ஒன்று என்பார்கள். சுவாமி பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் நிற்கிறவன் பார்க்கிறானே!

இப்போது சந்திக்குச் சந்தி ஜிம் வந்துவிட்டது. திருவிழாவில் சுவாமி தூக்குகிற இளந்தாரிகளைப் பாருங்கள். தோளும் நெஞ்சும் கடைந்து எடுத்த மாதிரி. நல்ல விசயம்தான். அவர்கள் நடுவில் அண்ணை நின்றபோது பின்னால் இருந்து ஒரு குரல்.

"என்ன அண்ணை, விலா எலும்பை எண்ணலாம் போலை கிடக்கு?"

பகிடிதான். கேட்டவரும் நல்ல மனிதர். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணை கோயிலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. "முழங்கால் நோகுது" என்றாராம்.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், எனக்கு ஃபோன் எடுத்தார். "மகளின்ரை கலியாணத்துக்கு மூண்டு மாதம்தான் கிடக்கு. கன்னிகாதானம் குடுக்கேக்கை மனிசன் மேலிலை சேட் இல்லாமல் நிக்க வேணும். வீடியோக்காரன் கிட்ட வந்து பிடிப்பான். இந்தக் கோலத்திலை எப்பிடி நிக்கிறது? மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும்?"

மச்சாளின் கவலை நியாயமானது. அதற்கு மருந்து என்னிடம் இருந்தது — அப்படித்தான் நினைத்தேன்.

என் மகன் கனடாவில் இருக்கிறான். ஜிம் பைத்தியம். போனமுறை வந்தபோது இரண்டு பெரிய டின் புரோட்டீன் மா கொண்டுவந்தான். ஒன்றைக் குடித்து முடித்தான். மற்றதை உடைக்காமல் விட்டுப் போனான். வாளி அளவு டின். முன்பக்கத்தில் மலை போல் தோள் வைத்த ஒருவனின் படம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை. நான் படித்தது முன்பக்கத்துப் படத்தை மட்டும்.

வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்களுக்கு வேறு கேள்வி உண்டா? அங்கேயிருந்து வந்த சவர்க்காரத்தைக்கூட அலுமாரியில் வைத்து மணந்து பார்க்கிற சனம் நாங்கள். டின்னை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனேன்.

அண்ணை டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உது எனக்கு ஒத்துக்கொள்ளுமோ தெரியாது..."

"அண்ணை, பாலிலை எடுக்கிற மாதானே? குடியுங்கோ!"

குடித்தார்.

மச்சாள் சும்மா இருப்பாரா? காலையும் மாலையும் பாலில் மூன்று கரண்டி. காலையில் இரண்டு முட்டை. பின்னேரம் உளுத்தங்களி. மத்தியானம் மீன் இல்லாவிட்டால் இறால். என் மகன் அந்த மாவைக் குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் இரும்பு தூக்குவான். அண்ணை குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

நாற்பது நாள் ஆனது. அதிசயம்! அண்ணையின் கன்னம் நிரம்பியது. கை கால் உருண்டது. கடைக்காரரின் தராசில் ஏறினார். ஐந்து கிலோ கூடியிருந்தது. சனம் வழியில் மறித்துச் சொன்னது.

"இப்பதான் அண்ணை ஆள் மாதிரி இருக்கிறீங்கள்!"

அந்த வெள்ளிக்கிழமை அண்ணை கோயிலுக்குப் போனார். சேட்டைக் கழற்றினார். மச்சாள் ஃபோனில் அழுதுகொண்டு நன்றி சொன்னார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. உடனே இந்தப் பத்தியில் எழுதினேன். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். 'நாற்பது நாளில் ஆளை மாற்றலாம்' என்று. வயதானவர்களுக்குப் புரோட்டீன் கொடுங்கள் என்று. வைத்தியர்கூட அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டார்.

அந்தப் பத்தி வெளிவந்து ஆறாம் நாள் காலையில் மச்சாள் மறுபடி ஃபோன் எடுத்தார். "மனிசனுக்குச் செருப்புக் காலிலை ஏறுதில்லை. முகம் அதைச்சு வீங்கிக் கிடக்கு. சாப்பாட்டைக் கண்டா ஓங்காளிக்கிறார்."

ஆட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயது டொக்டர் பிள்ளை ஒருவர் வந்தார். அண்ணையின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார்.

குழி விழுந்திருந்தது. விழுந்த குழி நிரம்பவேயில்லை. ஈரச் சீமெந்தில் விரல் வைத்த மாதிரி அப்படியே நின்றது.

"இது சதை இல்லை ஐயா. நீர்."

ஐந்து கிலோ. ஊர் மெச்சிய உடம்பு. நான் பத்திரிகையில் எழுதிய உடம்பு.

"கிளினிக் கொப்பி எங்கை?" என்று டொக்டர் கேட்டார். எங்களுக்கு விளங்கவில்லை. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வெங்காயக் கொட்டிலுக்கை... உரப்பைக்குக் கீழை."

நான் போய் எடுத்துவந்தேன். மண் பிடித்த கொப்பி. இரண்டு வருடமாக மாதம் தவறாமல் பதிவு. செவ்வாய்க்கிழமைகளில் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மனிதர் கிட்னி கிளினிக்குக்குப் போயிருக்கிறார். மனைவிக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது: புரதம் அளவோடு.

நான் டின்னைப் பற்றிச் சொன்னேன். டொக்டர் பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாவிலை பிழை சொல்ல மாட்டன் ஐயா. கிட்னி நல்லா இருக்கிற பெடியன், ஜிம்முக்குப் போறவன், அளவறிஞ்சு குடிச்சா ஒண்டுமில்லை. இவருக்கு முட்டையே எண்ணித்தான் சாப்பிட வேணும். இதாலைதான் கிட்னி வருத்தம் வந்ததெண்டும் இல்லை. ஏற்கனவே ஏலாத மாட்டிலை நீங்கள் பாரத்தை ஏத்திப்போட்டீங்கள்."

கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணை குடிச்சனீங்கள்?"

"நீ ஆசையாய்க் கொண்டு வந்தனி. வேண்டாமெண்டா ஏனெண்டு கேப்பாய். சொன்னா உன்ரை வாய் சும்மா கிடக்குமே? பேப்பரிலை எழுதிப்போடுவாய்."

சிரிக்க முயன்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கலியாணம் குழம்பிப் போகுமடா. தகப்பனுக்குக் கிட்னி வருத்தமெண்டா பரம்பரை வருத்தமோ எண்டு கேப்பாங்கள்... பிறகு, சனம் உடம்பு வைச்சிட்டுதெண்டு சொல்லேக்கை எனக்கும் நல்லாத்தான் இருந்தது."

வாசகர்களே, இத்தனை வருடம் எழுதுகிறேன். என் எழுத்தை இதைவிடச் சரியாக விமர்சித்தவர் யாருமில்லை. கூடப்பிறந்தவன் சாகத் துணிந்தும் எனக்கு ஒரு உண்மையைச் சொல்லப் பயந்திருக்கிறான் என்றால்... நான் எப்படிப்பட்ட தம்பி? அன்றைக்கு ஆசுப்பத்திரி வாசலில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பத்து நாளில் வீட்டுக்கு விட்டார்கள். வரும்போது அண்ணை என் கையைப் பிடித்து ஒரு சத்தியம் வாங்கினார். "கலியாணம் முடியுமட்டும் ஒருதருக்கும் மூச்சு விடப்படாது." தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் சந்தையில் அந்தப் பெண்ணைக் கண்டது.

இப்போது விளங்குகிறதா அந்த 'சந்தோசம்' எங்கே இருந்து வந்தது என்று? சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. அண்ணையின் பெயரைச் சொல்லாமலே "அப்பாவை முதலில் டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்று சொல்லியிருக்கலாமே? மற்றப் பாதி என்னவென்றால், அந்தப் பெண் என்னைப் புகழ்ந்துகொண்டு நின்றார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை கலியாணம் நடந்தது. நீர் இறங்கிய பிறகு அண்ணை முன்னையதைவிட மெலிந்துவிட்டார். பட்டு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மச்சாள் உள்ளே ஒரு நாடா வைத்துக் கட்டிவிட்டார். வெறும் மேலோடு மணவறையில் நின்றார். வீடியோ வெளிச்சம் முழுக்க அவர் மேலேதான். ஒவ்வொரு விலா எலும்பும் தெரிந்தது. மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தபோது அண்ணையின் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்த கையோடு சம்பந்தியைத் தனியே கூப்பிட்டார். நானும் கூட நின்றேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சம்பந்தி வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு எந்தக் கிழமை கிளினிக்?"

"செவ்வாய்."

"எனக்கு வியாழன். இருதயம். இரண்டு இடத்திலை ஸ்டென்ட். கலியாணம் முடியுமட்டும் வாய் திறக்க வேண்டாமெண்டு மனிசி சொன்னவ."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு வீடும் ஒன்றையொன்று ஏமாற்றி முடித்த கலியாணம்! அண்ணைதான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை சொன்னார்: "இனி எழுது. சத்தியம் முடிஞ்சுது." டயாலிசிஸ் வருமா என்று டொக்டரைக் கேட்டோம். வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. இப்போது மச்சாள் முட்டையை எண்ணிக் கொடுக்கிறார். கொப்பி சாமிப்படத் தட்டில் இருக்கிறது. டின்னை நான் திரும்ப எடுத்துவந்துவிட்டேன். அடியில் கொஞ்சம் மா மிச்சம். பின்பக்கத்தை இப்போதுதான் படித்தேன். இரண்டு பாஷையிலும் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் இந்த இடத்தில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வெட்டி வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள்.

பச்சைக் கூடையோடு நின்ற தங்கச்சி, இதை எழுதியது உங்களுக்குத்தான். அப்பாவின் டின்னை இன்றைக்கே மூடுங்கள். அவரிடம் கோபப்படாமல், கொப்பி ஏதும் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். அதற்கு முன் அவர் கணுக்காலுக்கு மேலே உங்கள் பெருவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

அன்றைக்கு நான் 'சந்தோசம்' என்று சொன்னது பொய், தங்கச்சி.