பந்தக்கால் குழியில் என் கேபிள்

மோகன் சார் வீட்டில் பந்தக்கால் நட்ட காலை, என் இருபத்தைந்து வருட வயரிங் அனுபவத்தில் எத்தனை ஓட்டை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். படப்பையில் வீடு கட்டி, முன்னால் புல்தரை, கல் பெஞ்ச், சுற்றிலும் தோட்ட விளக்கு கேட்டார். பிளான் நான்தான் போட்டேன். கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். தரையோ சரளை. ஓரடி தோண்டியதும் என் கொள்கை தளர்ந்தது. மண்ணுக்குள் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஈசானிய மூலை வழியாக வளைத்து மூடிவிட்டேன்.

ஒன்று மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன். அந்த லைனுக்குத் தனி ஆர்.சி.சி.பி. மின்கசிவு வந்தால் கண் இமைப்பதற்குள் தானாக விழும் சுவிட்ச். மழையில் ஒரு விளக்குக்குள் ஈரம் இறங்கினாலும் விழும். மோகன் சாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. கழற்றச் சொல்லி நாலு தடவை போன் செய்தார். வருகிறேன் என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். கொள்கை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் சேரப்பணஞ்சேரியில் வேறு வேலை.

மோகன் சார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பந்தக்கால் அன்று வீடியோக்காரருக்காகப் பகலிலும் தோட்ட விளக்குகள் எரிந்தன. பெண்ணின் தாய்மாமன் செல்வம் கடப்பாரையோடு ஈசானிய மூலைக்குப் போனார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. காபி நன்றாக இருந்தது. மூன்றாவது குத்தில் விளக்குகள் மொத்தமாக அணைந்தன.

"நல்ல நேரம் பாத்து உங்க மிஷின் வேலையக் காட்டிருச்சு பாருங்கண்ணே" என்று முணுமுணுத்தபடி மோகன் சார் சுவிட்சைத் தூக்கிவிட உள்ளே நடந்தார்.

குழியில் சிக்கிய கடப்பாரையைச் செல்வம் இரண்டு கையாலும் அசைத்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். தண்ணீர் தெளித்த மண். சுவிட்சைத் தூக்கினால் கரண்ட் நேராகக் கடப்பாரைக்கு வரும். ஆர்.சி.சி.பி. மறுபடி விழும் என்பது சாத்திரம். அதைச் செல்வத்தின் உடம்பில் பரிசோதிக்க எனக்குத் தைரியமில்லை.

டம்ளரைப் போட்டுவிட்டு, என் தொப்பை அனுமதித்த வேகத்தில் ஓடினேன். மோகன் சாரின் விரல் சுவிட்சில் இருந்தது. சொந்தக்காரர்கள் பார்க்க அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"தூக்காதீங்க சார். உங்க மச்சான் கடப்பாரை என் கேபிள்மேல நிக்குது."

மெயினை அணைத்துவிட்டு வெளியே வந்தோம். செல்வம் சாவகாசமாகச் சொன்னார்: "கை லேசா ஜிவ்வுன்னுச்சு. சாமி வருதுன்னு நெனச்சுக்கினேன்."

மோகன் சார் குழியை எட்டிப் பார்த்தார். "ஓரடிகூட இல்லியேண்ணே."

"இல்ல சார். என் தப்பு."

நிமிர்ந்து, உள்ளே சுவிட்ச் இருந்த பக்கம் திரும்பினார். பிறகு, "அந்த மிஷின் அங்கியே இருக்கட்டும்" என்றார். நேரம் போகிறது, மூன்றடி தள்ளித் தோண்டுங்கள் என்று அவருடைய அக்கா விரட்ட, கால் நட்டார்கள்.

பந்தியில் செல்வம் எட்டு இட்லி சாப்பிட்டார். எட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவர் இட்லி சாப்பிடுவது அத்தனை ஆறுதலான காட்சி என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாளே மொத்தப் பாதையையும் இரண்டரை அடிக்குத் தோண்டி, இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள் போட்டு, மேலே செங்கல் அடுக்கினேன்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: லோடு கணக்கெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். அந்த மண்ணை யார், எதற்கு, எங்கே தோண்டுவார்கள் என்பதை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பந்தக்கால் எங்கே நடுவீர்கள் என்பதுதான் இப்போது என் முதல் கேள்வி. போன மாதம் தண்டலத்தில் ஒருவர் சிரித்தார்.

"ஒரே பையன்ண்ணே, கனடாவுல கீறான். கல்யாணமே வேணாங்கிறான்."

"இருக்கட்டும் சார். எடத்த மட்டும் காட்டுங்க."