பழகி மறந்த உடம்பு

என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டினார். வேலை லடாக்கில். அறுபதுகளின் கடைசியில் ஓர் ஆவணியில் விடுப்பில் வந்தவரைக் கண்டதும், "மூஞ்சி இன்னாப்பா இப்டி செவந்து கெடக்குது?" என்று என் மாமியார் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"அங்க காத்துல சத்து கம்மிம்மா. அதுக்கு ஈடுகட்ட ஒடம்பு ரத்தத்தப் பெருக்கிக்குது. பனியும் வெய்யிலும் வேற."

முதல் தடவை மேலே போனபோது பட்ட பாட்டைச் சாப்பிடும்போது சொன்னார். தலை பிளந்துவிடும் போல வலி. குனிந்து ஷூ கயிறு கட்டினாலே மூச்சு வாங்குமாம். சில நாள் ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்கார வைத்த பிறகுதான் உடம்பு வழிக்கு வந்ததாம்.

"அந்த ஊர்க்காரங்கள நீ பாக்கணுமே. ரோடு போடற எடத்துல ஒரு பொண்ணு, நெறமாசம். முதுகுல கல்லு சுமந்துக்கினு, பாட்டு பாடிக்கினு ஏறிப் போவுது. நாங்க லாரிய நிறுத்திட்டு பாத்துக்கினே இருந்தோம்."

நாங்கள் காஞ்சிபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவருடைய சொந்த ஊர் தாமல். அங்கே போய் ஏரியில் நாள் முழுக்க நீந்திவிட்டு வருவார். விடுப்பு முடிவதற்குள் கன்னச் சிவப்பு போய்ப் பழைய நிறம் திரும்பிவிட்டது. மாமியாருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

ஐப்பசி அடைமழையில் தந்தி வந்தது. உடல்நலக் குறைவால் இறந்துவிட்டார் என்று மட்டும் இருந்தது. தகனத்தை அங்கேயே முடித்துவிட்டார்கள். எங்களுக்கு அவருடைய தகரப்பெட்டி வந்தது.

"சண்டையும் இல்ல, குண்டும் படல. ஏரிய இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்தின புள்ள எப்டிமா சாவான்?" மாமியார் என்னைக் கேட்டார். பக்கத்து வீட்டாரை, தபால்காரரை, யாரைப் பார்த்தாலும் கேட்டார். குடித்துச் செத்திருப்பான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தானே உயிரை விட்டிருப்பான் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். காரணம் தெரியாமல் கருமாதி கிடையாது என்று மாமியார் பிடிவாதமாக நின்றார். நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். எனக்கு அழுகையே வரவில்லை.

மார்கழியில் அவருடன் வேலை செய்த ஒருவர், வாலாஜாபாத்காரர், விடுப்பில் வந்து எங்களைத் தேடி வந்தார். மாமியார் அவருக்குக் காப்பி கொடுக்கக்கூட விடவில்லை. "நடந்தத சொல்லுப்பா," என்றார்.

"விமானத்துல மேல எறக்கினாங்கம்மா. ரெஸ்ட் எடுக்கணும்னுதான் உத்தரவு. அண்ணன், எனக்குப் பழக்கமான எடம்தானேன்னு அன்னிக்கே மூட்டை எறக்கப் போனாரு. மறுநாள் இருமல். அப்பறம் நுரை நுரையா, ரத்தம் கலந்து வந்துது. நுரையீரல்ல தண்ணி எறங்கிடுச்சின்னு டாக்டர் சொன்னாரு. கீழ கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பாரு. மேகம் மூடி விமானம் வரல."

"ஏற்கெனவே இருந்துட்டு வந்தவன்தானேப்பா?"

"ஊருக்கு வந்தா ஒடம்பு அத மறந்துடுமாம். பழகினவங்க திரும்பிப் போறப்பவும் இப்டி ஆவுதாம்."

 "அங்கியே பொறந்தவங்களுக்கு?" என்றார் மாமியார்.

"அவங்க எத்தினியோ தலைமுறையா அங்க இருக்கறவங்க. தாங்காதவங்க புள்ள பெறாமயே போய்ட்டாங்க, பெத்த புள்ளையும் பல பேருக்குத் தங்கல. தாங்கினவங்க வம்சம்தான் இப்ப இருக்கறது. அது ரத்தத்துலயே வருதுன்னு டாக்டரு சொல்வாரு."

"அப்ப அவங்களும் கொள்ளை கொள்ளையா புள்ளைங்கள குடுத்துட்டுத்தான் இந்த மூச்ச வாங்கியிருக்காங்க," என்றார் மாமியார். 

தை மாதம் கடைத்தெருவில், லடாக் போலவே உயரமான மலைநாட்டிலிருந்து அகதிகளாக வந்த திபெத்துக்காரர்கள் ஸ்வெட்டர் விரித்திருந்தார்கள். காய்கறி வாங்கப் போன மாமியார் அங்கே நின்றுவிட்டார். பிறகு விற்கிற பெண்ணுக்கு எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தார். அவள் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி புள்ளைங்கமா ஒனக்கு?"

அவளுக்கு அரைகுறைத் தமிழ். நான்கு விரலைக் காட்டி, இரண்டை மடக்கினாள். "கீழே வந்து. சூடு. காய்ச்சல்," என்றாள்.

மேலே தாங்கிய உடம்பு கீழே தாங்கவில்லை. மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.  வீட்டுக்கு வரும் வழியில், "அய்யர வரச் சொல்லுமா," என்றார்.

கருமாதிக்குத் தாமலிலிருந்து உறவு முழுக்க வந்திருந்தது. எல்லாரும் கூடியிருந்தபோது மாமியார் எழுந்து நின்று சொன்னார்: "என் புள்ள குடிச்சி சாவல. தானா உயிர விடல. நம்ம ஒடம்புக்கு ஆவாத எடத்துல, காத்து பத்தாம போய்ட்டான். இனிமே யாரும் வேற பேசக்கூடாது."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன்.