மடுல்கெல்ல லயத்தில் ஒரு நிறுத்தம்

பிரேமிளா கண்டியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருக்கும் மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா ராஜரத்தினம் மாநகர சபைக் குப்பை லொறியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தார். அந்த இடத்துப் பெயரைச் சொன்னதும் சிலருடைய முகம் மாறுவதை அவள் ஏழாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பிள்ளை தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டது. நடந்தது அவ்வளவுதான். அதன்பின் எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் "டவுன்லதான்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அப்பா வேலை முடிந்து வந்தால் அவர் குளித்து முடிக்கும்வரை பின்பக்கம் போகமாட்டாள். அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் தடியால் தூக்கி வாளிக்குள் போட்டிருக்கிறாள். அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

படிப்பு முடிந்ததும் வாவிக்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலை கிடைத்தது. அங்கேதான் ஆங்கிலம் நன்றாக வந்தது. முப்பத்து மூன்று வயதில் அந்த வேலையை விட்டு ஜனார்த்தனனிடம் சேர்ந்தாள். அவன் கண்டி டவுனில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எட்டு எலெக்ட்ரிக் சைக்கிள் இறக்குமதி செய்து, வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப் போகும் தொழில் தொடங்கியிருந்தான். வழிகாட்டியாகப் பெண்பிள்ளை இருந்தால் விளம்பரத்துக்கு நல்லது என்று நினைத்தான். அதை அவளிடம் நேராகவே சொன்னான்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. காலையில் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு வத்தேகம வரை போவார்கள். அங்கிருந்து பன்வில வழியாக மடுல்கெல்ல வரை ஏற்றம். மோட்டார் உதவி செய்தாலும் மிதிக்காமல் போகாது. எந்த வளைவில் எந்த அளவுக்கு மோட்டாரைக் கூட்ட வேண்டும், எங்கே குறைத்தால் திரும்பி வரும்வரை பற்றரி தாங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சைக்கிள் இருபத்தைந்து கிலோ. ஏற்றத்தின் நடுவில் பற்றரி செத்தால் அதைத் தள்ளுவது மாட்டைத் தள்ளுவது போல. வந்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்கவே மாட்டார்கள். முதல் மேட்டிலேயே முழு வேகத்தைப் போட்டுவிட்டு, பன்வில தாண்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டு, சைக்கிள் பழுது என்று அவளைக் குறை சொல்வார்கள்.

அதெல்லாம் அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அருவருப்பு வேறு இடத்தில் தொடங்கியது. ஆண்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தேயிலைச் செடிக்குள் இறங்கிச் சிறுநீர் கழித்தார்கள். நாலு வரிசை தள்ளிப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை அவள் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தாள். "இயற்கைக்கு உரம்தானே" என்று அந்த மனிதன் சிரித்தான். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று வீட்டுக்கு வந்து பல் துலக்கும்போது அந்தச் சிரிப்பு வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

போன வருடம் ஜனார்த்தனனுக்கு ஒரு புது யோசனை வந்தது.

"சைக்கிள் மட்டும் காணாது பிரேமிளா. அவங்களுக்கு அனுபவம் வேணும். தோட்டத்துல ஒரு லயத்து வீட்டுல பகல் சாப்பாடு வைப்போம். நம்ம ஆக்களுக்கும் ஒரு வருமானம்."

"வீட்டுக்காரங்க ஒத்துக்குவாங்களா சேர்?"

"பேசிட்டேன். அழகையான்னு ஒருத்தர், ஃபெக்டரியில வேலை. வீட்டம்மா சமைப்பாங்க. நீங்க போய் எல்லாத்தையும் சரி பண்ணுங்க."

சரி பண்ணுவது என்றால் என்ன என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அழகையாவின் மனைவி ஜெயராணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்புத் திண்ணை, உள்ளே இரண்டு காம்பரா அறை. சுவரில் பெரிய டிவி, மூலையில் கேஸ் அடுப்பு, சுற்றிவர பிளாஸ்டிக் கதிரைகள். ஜனார்த்தனன் அனுப்பிய பட்டியலில் டிவியைத் துணியால் மூட வேண்டும், கேஸ் அடுப்பை மறைக்க வேண்டும், கதிரைகளை அடுத்த வீட்டில் வைக்க வேண்டும், விறகு அடுப்பில் சமைக்க வேண்டும், ரொட்டி தட்டுவதை வந்தவர்கள் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஜெயராணிக்கு ஒரு சிவப்புச் சேலையும் பிரம்புக் கூடையும் வந்திருந்தன.

கூடையைக் கையில் வாங்கிப் பார்த்த ஜெயராணி, "இப்ப யாரு மிஸ் கூடையில பறிக்கிறா? எல்லாம் பையிலதான்" என்றாள். "நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போயே பன்னெண்டு வருசமாச்சு. பன்வில டவுன்ல தையல் கடையில இருக்கேன்."

"படத்துக்குத்தாங்க அக்கா."

"படத்துக்கா." அவள் கூடையைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு ஒத்துக்கிட்டாரு. சரி."

முதல் குழு ஒரு திங்கட்கிழமை வந்தது. நாலு பேர். மார்ட்டின் என்ற பல் டாக்டர், அவருடைய மனைவி, இன்னொரு தம்பதி. மழை விட்டிருந்த நேரம். வழியில் அட்டை ஏறி நாலு பேரும் காலைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். மார்ட்டின் நல்ல மனிதர்தான். சைக்கிளைக் கவனமாக ஓட்டினார். பிரேமிளாவின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகினார். அதனால்தான் பிறகு நடந்தது அவளுக்கு அதிகமாகக் குமட்டியது.

ஜெயராணி சிவப்புச் சேலையில் வாசலில் நின்றாள். நாலு பேரும் அவளுக்குக் கை கொடுத்தார்கள். உள்ளே போனார்கள், படம் எடுத்தார்கள். அடுப்புப் புகையில் ஒருத்தி இருமினாள். மார்ட்டின் கழிவறை எங்கே என்று கேட்டார். நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒன்று, லயத்துக்குப் பின்னால். போனவர் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. வாசலில் நின்றுகொண்டு மனைவியிடம் ஆங்கிலத்தில், "என்னால் முடியவில்லை. இந்த நாற்றத்துக்குள் மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள்? இவர்களுக்கு மூக்குப் பழகிப்போயிருக்கும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

ஜெயராணி ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஐயா என்ன சொல்றாரு மிஸ்?"

"வீடு ரொம்ப நல்லா இருக்காம் அக்கா. உங்களப் பார்த்தது சந்தோசமாம்."

ஜெயராணி தலையாட்டினாள்.

மார்ட்டினின் மனைவி பையிலிருந்து கை சுத்தம் செய்யும் திரவப் போத்தலை எடுத்தாள். தன் கையில் கொஞ்சம், கணவன் கையில் கொஞ்சம். போத்தல் சுற்றி வந்தது. கை கொடுத்த நாலு பேரும் ஜெயராணிக்கு முன்னால் நின்றுகொண்டே கையைத் தேய்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் சிரித்த முகத்தோடு போத்தலைப் பிரேமிளாவிடம் நீட்டினாள். பிரேமிளா கையை விரித்தாள். யோசிக்கவில்லை. கை தானாக விரிந்தது. குளிர்ந்த துளி உள்ளங்கையில் விழுந்தது. தேய்த்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது ஜெயராணி அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டார்கள். மார்ட்டின் ரொட்டியில் பாதியை வைத்துவிட்டார். புறப்படும்போது நாலு பேரும் சைக்கிளில் ஏறி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேமிளா பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க உள்ளே போனாள். ஜெயராணி கூந்தலில் சொருகியிருந்த பூவை உருவிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நான் குவைத்துல ஒம்பது வருசம் இருந்தேன். ஒரு டொக்டர் வீட்டுல. அங்க இங்கிலீசுதான் பேசுவாங்க."

பிரேமிளா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு சொன்னது எனக்கு வெளங்கிச்சு. நாத்தம்தான். எனக்கு மூக்குப் பழகல. தெனமும் நாறுது. தோட்டத்து ஆபீசுக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போச்சு. அத விடுங்க. நீங்க ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"உங்க மனசு கஷ்டப்படும்னு..."

"அப்புடியா." ஜெயராணியின் குரல் உயரவில்லை. "அவங்க கையத் தொடச்சது சரி. வேற ஊருக்காரங்க. எதத் தொட்டாலும் பயம். நீங்க எதுக்குத் தொடச்சீங்க? நீங்க எனக்குக் கைகூடக் குடுக்கலையே."

வெளியில் மார்ட்டின் மணியை அடித்தார். பிரேமிளா போனாள்.

இறக்கம் முழுவதும் பிரேக் தேய்ந்து சூடேறும் வாடை. வழக்கமாக அவள் கடைசியில் வருவாள், எல்லாரையும் பார்த்துக்கொள்ள. அன்று முன்னால் போனாள். உள்ளங்கையிலிருந்து வந்த அந்த மருந்து வாசம் பிடிக்கவில்லை. ஹுலுகங்கைப் பாலத்தருகே நிறுத்தி ஓடையில் கையைக் கழுவினாள். மணலைப் போட்டுத் தேய்த்தாள். வாசம் போகவில்லை. ஒரு கல்லின் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தாள். மார்ட்டின் ஓடி வந்து தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார். "சாப்பாடுதான் காரணமா?" என்று கவலையோடு கேட்டார்.

"இல்ல" என்றாள் அவள், தமிழில். அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் ஜனார்த்தனன் உற்சாகமாக இருந்தான். மார்ட்டின் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். உண்மையான வாழ்க்கையைப் பார்த்தோம் என்று எழுதியிருந்தார். பிரேமிளா நடந்ததைச் சொன்னாள்.

"வீட்டம்மாவுக்கு இங்கிலீசு தெரியுமா?" அவன் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. "அப்ப அது இன்னும் நல்லதுதானே."

"சேர், டிவிய மூடச் சொல்றதும் கூடையத் தூக்கச் சொல்றதும் அசிங்கமா இருக்கு. இருக்கிறபடி விட்டா என்ன?"

"இருக்கிறபடி பார்க்கவா அவ்வளவு தூரம் வாறாங்க? டிவி அவங்க வீட்டுலயும் இருக்கு." அவன் கதிரையில் சாய்ந்தான். "பிரேமிளா, உங்க வீட்ட நான் காட்டச் சொல்லலையே. மஹய்யாவன்னு விளம்பரத்துல போட்டா ஒருத்தனும் வரமாட்டான்."

அவன் அதைப் பகிடியாகத்தான் சொன்னான். அவளுடைய முகவரி அவனுக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை இன்னொரு குழு. அவள் போனாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்றைக்கு ஏன் போனாய் என்று கேட்டால் இன்றைக்கும் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜெயராணி தையல் கடைக்குப் போகும் சட்டையோடு வாசலில் நின்றாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதிரைகள் எல்லாம் வீட்டில் இருந்தன. கேஸ் அடுப்பில் தேத்தண்ணி கொதித்தது. சிவப்புச் சேலை மடித்துக் கூடைக்குள் கிடந்தது.

வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு ஜெயராணி நல்ல ஆங்கிலத்தில் பேசினாள்.

"இது என் வீடு. நான் தேயிலை பறிப்பதில்லை, தைக்கிறேன். என்னைப் படம் எடுக்க வேண்டாம். படம் வேண்டுமானால் பின்னால் உள்ள கழிவறையை எடுங்கள். நாலு குடும்பத்துக்கு ஒன்று. குழி நிறைந்து இரண்டு வருடமாகிறது. அதை எடுத்து எல்லாருக்கும் காட்டுங்கள். அந்தப் படத்துக்கு நான் நன்றி சொல்வேன்."

மூன்று பேர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இளம்பெண் மட்டும் எழுந்து பின்னால் போனாள், படம் எடுத்தாள், திரும்பி வந்து ஜெயராணியிடம் மன்னிப்புக் கேட்டாள். வத்தேகமவில் வேனில் ஏறியதும் மற்றவர்களில் ஒருவர், விடுமுறைக்கு வந்த இடத்தில் இப்படித் திட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்றார்.

முறைப்பாடு ஜனார்த்தனனுக்குப் போனது. அவன் கோபப்பட்டுக் கத்தவில்லை. அதே தோட்டத்தில் மேல் லயத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். வயதான பெண், இங்கிலீசு தெரியாது. பிரேமிளா போய்ப் பேசிச் சேலையையும் கூடையையும் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

"நான் போகமாட்டேன் சேர்."

"அப்ப வேற ஆள் போகும்."

"போகட்டும். நானும் வேலைய விட்டுப் போறேன்." தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை. இவ்வளவு நாள் எப்படிச் செய்தேன் என்றுதான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ்ஸில் மடுல்கெல்ல போனாள். ஜெயராணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அழகையா உள்ளே படுத்திருந்தார். வருமானம் போனதில் அவருக்கு மனைவி மேல் கோபம்.

"அக்கா, நான் மஹய்யாவ. எங்கப்பா குப்பை லொறியில இருந்தாரு" என்றாள் பிரேமிளா. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது வேறு. வாயில் வந்தது இது.

ஜெயராணி துணியை உதறினாள். "அதுக்கு நான் என்ன செய்ய?"

"அன்னைக்குச் செஞ்சது பெரிய தப்பு அக்கா."

"தப்புதான்." இன்னொரு துணியைக் கயிற்றில் போட்டாள். வானத்தைப் பார்த்து, "மழை வருது. அஞ்சு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல. போங்க" என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. தேத்தண்ணியும் தரவில்லை. அது சரிதான் என்று பிரேமிளாவுக்குத் தோன்றியது.

இப்போது அவள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்கிறாள். பற்றரி பழுது பார்ப்பதைக் கற்றுக்கொண்டு வருகிறாள். அந்தக் கடை மாத்தளை வீதியில்தான் இருக்கிறது. ஜனார்த்தனனின் வேன் சில காலைகளில் அந்தப் பக்கம் போகும். மேல் லயத்துக் கிழவி சிவப்புச் சேலையோடும் பிரம்புக் கூடையோடும் சிரிக்கும் படத்தை வேனின் பக்கவாட்டில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் கிழவிக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. பிரேமிளா அதைப் பார்த்தால் குமட்டி வாயில் எச்சில் ஊறும். எழுந்து கடைக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்து, மறுபடி வேலையைப் பார்ப்பாள்.