புள்ளு பட்ட இடம்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரப் பூங்காவில் அயர்லாந்துக்காரர் சிலர் தங்கள் நாட்டுப் பழைய மட்டையாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மட்டை பந்தில் அறைந்த சத்தம் கேட்டதும் என் உடம்பு விறைத்தது.

ஒன்பது வயதில் ஊரில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் கிட்டிப்புள்ளு ஆடும்போது, நான் அடித்த புள்ளு எகிறித் தங்கச்சியின் முகத்தில் பட்டது. கண்ணைப் பொத்திய அவளுடைய விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது. நான் ஓடிப்போய் மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குள் ஒளிந்தேன். அம்மா அலறுவது கேட்டது. பிறகு ஒரு கார் புறப்பட்டது. அதன்பின் ஒன்றுமே கேட்கவில்லை.

பின்னேரம், அம்மாவோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஐயா வந்து வைக்கோலை விலக்கினார்.

"கண் போயிட்டுதோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை, புருவம்தான் கிழிஞ்சது. வெளியிலை வா."

என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

பூங்காவில் என் மகள், தானும் ஆடட்டுமா என்று டேனிஷ் மொழியில் கேட்டாள். ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்," என்றேன்.