தோன்றா எழுவாய்

சிதம்பரத்தில் கொலை செய்யாதவர்களே பெரும்பான்மையினர். அதில் அவர்களுக்குப் பெரிய பெருமை ஒன்றும் கிடையாது. கேட்டால், "அதுக்கெல்லாம் எங்கங்க நேரம்" என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், கொலைகாரர் என்று நீதிமன்றமே தீர்ப்பெழுதிக் கொடுத்த ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி போட்டுப் பலாச்சுளை விற்கிறார் என்றால் ஊர் ஒரு மரியாதை வைக்கத்தானே வேண்டும்? வைத்தது. சடையப்பன் வந்தால் டீக்கடை பெஞ்சில் தானாக இடம் உண்டாகும். ஷேர் ஆட்டோவில் யாரும் அவர் மடியில் பையை வைப்பதில்லை.

கடலூர் கேப்பர் மலைச் சிறையில் பதினாலு வருஷம். "ராமர் காட்டுல இருந்த கணக்கு. அவருக்காவது கூட பொண்டாட்டி இருந்துச்சு" என்பார். கைநாட்டாக உள்ளே போனவர், ப்ளஸ் டூ முடித்து வெளியே வந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தன் வரலாற்றை எழுதினார். 'கொலையும் நானும்' என்று பெயர். கீழ வீதியில் அச்சகம் வைத்திருக்கும் ஆரோக்கியராஜ் போட்டுக் கொடுத்தார். எழுத்தாளர்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர். தண்டனை பெற்ற எழுத்தாளர் தான் ஒருவர்தான் என்பதை சடையப்பன் எப்போதும் மறந்ததில்லை.

வினை வாசகர்கள் ரூபத்தில் வந்தது. புத்தகத்தைப் படித்தவர்கள் ஆளைப் பார்க்க வண்டிக்கு வந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது வேறொன்றை. பழத்தைப் பிளப்பது அவர் மனைவி கொளஞ்சியம்மாள். எண்ணெய் தடவிய கத்தியை ஓங்கி ஒரு போடு போட்டால் ஆளுயரப் பண்ருட்டிப் பழம் இரண்டாக விழும். சடையப்பன் வேலை, சுளையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது.

"ஏன் மாமா, கொலைகாரர் நீங்க. கத்திய அக்காகிட்ட குடுத்துட்டு பேப்பர் மடிக்கிறீங்களே?" என்று ஆட்டோ ஓட்டும் அருள்முருகன் கேட்டான்.

"ரிட்டயர் ஆன கலெக்டர் வீட்ல ஒக்காந்து ஃபைல்லயாடா கையெழுத்து போட்டுக்கினு இருப்பாரு?"

அன்றைக்கு வாய் ஜெயித்தது. ஆனால் அடுத்த வாரம் காகிதக் கட்டைப் பிரிக்கும்போது கம்பி கீறி அவர் விரலில் ரத்தம் எட்டிப் பார்க்க, நூலாசிரியர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொளஞ்சியம்மாள் சோடா வாங்கிவந்து முகத்தில் தெளித்தாள். "அண்ணனாவது கொலை பண்றதாவது" என்று ஊர் முணுமுணுக்கத் தொடங்கியது. பெஞ்சில் இடம் விடுவது லேசாகச் சுருங்கியது.

இதெல்லாம் வெறும் வாசகர்களின் சந்தேகம். இலக்கணத்தின் சந்தேகம் கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தது. அதன் பெயர் கலைமணி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புத்தகம் முழுக்கச் சிவப்பு மை போட்டு எடுத்துவந்திருந்தார்.

"ஒற்றுப்பிழைய எல்லாம் மன்னிச்சிட்டேன். இத மட்டும் மன்னிக்க முடியல. கேளுங்க." கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "'தோப்பிலிருந்து ஓடி வந்தேன். கதவைத் திறந்தேன். வெட்டு விழுந்தது. பாலகுமார் கீழே கிடந்தான்.' வந்தேன், சரி. திறந்தேன், சரி. வெட்டு விழுந்துதுன்னா? எங்கேர்ந்து விழுந்துது? பலாக்கா மாதிரி மரத்துலேர்ந்தா?"

"ஒரு அழகுக்கு எழுதனதுங்கய்யா."

"தமிழ்ல எழுவாய் இல்லாம எழுதலாம். தோன்றா எழுவாய்னு பேரு. ஆள் மறைஞ்சி நின்னாலும் வினைமுற்று காட்டிக் குடுத்துடும். வெட்டினேன்னா நான். வெட்டினான்னா அவன். வெட்டினாள்னா அவ. நூத்திப் பத்துப் பக்கமும் 'தின்னேன், தூங்கினேன்'னு எழுதனவரு, முக்கியமான எடத்துல வினைமுற்றையே ஒளிச்சி வச்சிட்டீங்க. அன்னைக்கு அந்த வீட்ல யார் யாரு?"

"நான், இவ, கைக்கொழந்த."

"கொழந்த வெட்டியிருக்காது" என்றார் கலைமணி, பாடம் நடத்தும் குரலில்.

ஓங்கிய கத்தி பழத்தில் இறங்காமல் அப்படியே நின்றது. கலைமணி அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் வினைமுற்றில் இருந்தது. "ரெண்டாம் பதிப்பு வெளியீட்டுல நான்தான் பேசறேன். அதுக்குள்ள திருத்துங்க. இல்லேன்னா மேடையில இதத்தான் கேப்பேன்" என்று சொல்லி, ஓசியில் ஒரு சுளையும் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வண்டியைக் கட்டியதும் சடையப்பன் வீட்டில் வெள்ளைத்தாளோடு உட்கார்ந்தார். 'வெட்டி' வரைக்கும் பேனா ஓடியது. அதற்கு மேல் வண்டிமாடு மாதிரி படுத்துக்கொண்டது.

"கோர்ட்டுல கூசாம சொன்ன வாய்தான மாமா? எழுதேன்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"கோர்ட்டுல நான் எங்க சொன்னேன்? ஸ்டேஷன் ரைட்டர் எழுதனாரு, வக்கீல் படிச்சாரு, நான் தலைய ஆட்டனேன். தலைக்கு ஏது இலக்கணம்? இது என் கையி. இதுல ஒரு பொய்யும் எழுதல, பாத்துக்க."

உண்மைதான். புத்தகத்தில் ஒரு வரி பொய் கிடையாது. திருவதிகைப் பக்கம் அவர்கள் காவல் இருந்த தோப்பின் குத்தகைக்காரன் பாலகுமார், ஆம்பளை இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்குள் புகுந்து தாழ் போட்டான். உள்ளே கொளஞ்சி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பலாக்கத்தியுமாக இருந்தாள் என்பது அவன் கணக்கில் இல்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த சடையப்பன் தாழ் தெறிக்கக் கதவை நெட்டித் திறந்தபோது வெட்டு விழுந்துதான் இருந்தது. கத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "கொழந்த பால் குடிக்குது. நீ போனா அதுவும் ஜெயிலுக்கு வரும். நான் போனா பீடிதான் வரும்."

அந்தக் குழந்தை இளமதி இப்போது புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். பதினாலு வருஷம் வீண் போகவில்லை. ஆனால் ஒரு வாத்தியார் மேடையில் எழுவாயைத் தேடினால், தேடுகிறவர் கை நேராக வந்து நிற்கப்போகும் இடம் கொளஞ்சி.

"பொய் ஒண்ணு எழுதறேன், போ" என்று பேனாவை எடுத்தார்.

"வேணாம்." அவள் கையில் இருந்த எண்ணெயை முந்தானையில் துடைத்தாள். "இத்தினி வருஷமா என் வேல ஒன் பேர்ல ஓடுது. டீக்கடையில எடம் ஒனக்கு. ஆட்டோவுல மரியாத ஒனக்கு. நான் இன்னிக்கும் டவுன் பஸ்ல நின்னுக்கினுதான் போறேன். நான் என்னிக்காவது வாயத் தொறந்தனா? கொடு இப்பிடி."

"கொளஞ்சி, மாட்டிக்குவடி."

"அட்டையில யார் பேரு?"

"என் பேரு."

"அப்ப படிக்கிறவன் ஒன்னத்தான் நெனப்பான். எழுதறது நானு. ஒன் கை பொய் எழுதல, என் கை உண்மைய முழுங்கல. கொடு."

அவள் எழுதினாள். பெரிய பெரிய எழுத்து. கத்தி பிடிக்கிற பிடியிலேயே பேனாவையும் பிடித்திருந்தாள். சடையப்பன் அந்தத் தாளை மடித்து ஆரோக்கியராஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் படித்துவிட்டு, "அண்ணே, இதையில்ல மொதல்லயே எழுதியிருக்கணும்" என்றார்.

தெற்கு வீதி மண்டபத்தில் வெளியீடு. நாற்காலி நிறைந்து, ஆள் நின்றது. கலைமணி இரண்டாம் பதிப்பைப் பிரித்தார். கடைசி வரிசையில் கொளஞ்சியம்மாள் கூறைப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். சடையப்பன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார், அன்று சக்கரத்தைப் பிடித்தது போல.

"'கதவைத் திறந்தேன்'" என்று படித்த கலைமணி, அடுத்த வரியில் குரலை ஏற்றினார். "'வெட்டினேன். ஒரே வெட்டு. இன்னொரு தடவை வந்தாலும் வெட்டுவேன்.'"

அருள்முருகன் எழுந்து நின்று கைதட்டினான்.

"இப்பதான் ஆள் தெரியுது" என்றார் கலைமணி. "சபையோரே, இந்தப் புத்தகத்துல எழுத்துன்னா இந்த மூணு வாக்கியந்தான். மீதி நூத்திப் பத்துப் பக்கமும் அதுக்கு முன்னுரை. உண்மைய அனுபவிச்சவங்களால மட்டுந்தான் இப்படி எழுத முடியும். சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன்."

மீதி நூற்றிப் பத்துப் பக்கத்தையும் எழுதிய ஆசிரியருக்கு முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். அவள் முகவாயைத் தூக்கிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் சடையப்பனுக்கு நெஞ்சு சட்டைப் பொத்தானை இழுத்தது. எழுத்தாளன் ஆயிரம் பேர் இருப்பான். இவளுக்குப் புருஷன் தான் ஒருவன்தான்.

கூட்டம் கலைந்ததும் கலைமணி புத்தகத்தை நீட்டினார், அதே பக்கத்தைப் பிரித்து. "இந்த வரிக்குக் கீழயே ஒரு கையெழுத்துப் போடுங்க."

சடையப்பன் பேனாவைத் திறந்தார், மூடினார். "ஐயா, எழுதும்போது கூடவே இருந்தது அவதான். அவ போடட்டும்."

"தாராளமா! மனைவிக்கு மரியாத குடுக்கற எழுத்தாளர்னா இவருதான்" என்று கலைமணி சுற்றி நின்றவர்களிடம் சொல்லிப் பூரித்தார்.

அவள் பேனாவை வாங்கி, 'வெட்டினேன்' என்ற சொல்லுக்கு நேர் கீழே, பெரிய எழுத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினாள்: கொளஞ்சியம்மாள்.

கலைமணி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒற்றுப்பிழை ஏதும் இல்லை என்றார்.