நோன்பில்லாதவர்களின் திரை

ஊரில் உள்ள பெண்டாட்டிகள் எல்லாம் ரமலான் மாதத்தில் புருஷன் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறானோ என்று சந்தேகப்படுவார்கள். எனக்கு நேர்மாறான சந்தேகம். என் வீட்டுக்காரர் திருட்டுத்தனமாக நோன்பு வைக்கிறார்.

அவருக்குச் சர்க்கரை. காலையில் ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். போன வருஷம் வைராக்கியமாகப் பட்டினி கிடந்து, உதயகிரியில் அவர் வைத்திருக்கும் பைக் சீட் தைக்கிற கடையிலேயே மயங்கி விழுந்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மார்க்கமும் வழி வைத்துத்தானே இருக்கிறது? முடியாதவன் நோன்பை விடலாம், பதிலுக்கு ஏழைக்குச் சோறு போட்டால் போதும். நாங்களும் போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

கேட்டால், "ஓட்டல்ல சாப்பிட்டேன்டி" என்பார். ரமலானில் எங்கள் பக்கத்து ஓட்டல் வாசல்களில் திரை தொங்கும். நோன்பில்லாதவர்கள் உள்ளே போய்ச் சாப்பிடலாம், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர் வாயில் பட்டினி வாடை அடித்தது. மதியம் குருமா தின்ற வாயா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியம் ஓட்டலுக்கே போய்க் கல்லாவில் இருந்தவரிடம் விசாரித்தேன்.

"பேடா, வேணாம் அக்கா, கேக்காதீங்க. திரைக்குப் பின்னாடி யார் வந்தாங்க, யார் வரலன்னு நாங்க சொல்றதில்ல. பெத்தவங்க வந்து கேட்டாலும் அதேதான்."

"நல்லா இருக்கே உங்க மரியாதை! மனுஷன் செத்துப்போனா மரியாதைய வச்சு என்ன பண்றது?"

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன்.

அவர் இல்லை. மூலை மேசையில் எங்கள் பள்ளிவாசலை நிர்வாகம் பண்ணும் முத்தவல்லி உட்கார்ந்திருந்தார். பிட்ட இட்லி கையிலேயே நின்றது. அட, யாருக்குப் பயந்து என் வீட்டுக்காரர் தெருவில் எச்சில்கூட விழுங்க மாட்டாரோ, அதே முத்தவல்லி!

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. வயித்துல புண்ணு, மாத்திரை சாப்பிடறேன். என் மருமகளுக்கே தெரியாது."

"நான் எதுக்கு மாமு சொல்றேன்? ஆனா ஆம்பளைக்கு நோன்ப விட என்ன சாக்குன்னு போன வருஷம் அத்தனை பேர் முன்னாடி அவரக் கேட்டது நீங்கதானே? அந்த ரோஷத்துலதான் ஊசியையும் போட்டுக்கிட்டுப் பட்டினி கிடக்கறாரு. அவர் உசுருக்கு ஒண்ணு ஆனா நான் எங்க போவேன்?"

முத்தவல்லி கையைக் கழுவிக்கொண்டு, இட்லி பார்சல் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு என்னோடு நடந்தார்.

கடையில் என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் வேர்த்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. முத்தவல்லியைக் கண்டதும் எழுந்து, "நான் நோன்புதான் மாமு" என்றார் அவசரமாக. என் சந்தேகம் சரிதான். அவரை அப்படியே உலுக்கவேண்டும் போல இருந்தது.

முத்தவல்லி பார்சலைப் பிரித்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு மென்றார்.

"எனக்கும் நோன்பு இல்ல மாப்ளே. உக்காந்து சாப்பிடு."

என் வீட்டுக்காரர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. விழுங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.