என் காலில் குளித்த பிள்ளை

விளக்கெண்ணெய் வாசம் எங்கிருந்தாவது வந்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமை வரும். யார் மேல் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரே ஒருத்தி மேல்தான். அவள் இப்போது எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் கிழவியாகிக்கொண்டிருக்கிறாளோ, தெரியாது.

எண்பதுகளின் நடுவில், ஈய விலை சரியத் தொடங்கிய காலம். ஈப்போவில் ஓர் ஈயக் கம்பெனி பங்களாவின் பின்னால், வேலையாட்களுக்கான குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கம்பெனி டிரைவர். பங்களாவில் இருந்தவர் குளத்தில் மிதந்து மண்ணை வாரி ஈயம் எடுக்கும் கப்பலுக்கு இஞ்சினியர், ஆஸ்திரேலியாக்காரர். அவர் மனைவியை வாயால் மேடம் என்று கூப்பிட்டேன். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். மனசுக்குள் அவள் துரைசானிதான்.

எங்கள் இருவருக்கும் பிள்ளையில்லை. இந்த ஒரு விஷயத்தில் பங்களாவும் குவார்ட்டர்ஸும் சமம். அவள் வீட்டுக் கொடியிலும் என் வீட்டுக் கொடியிலும் பெரியவர்கள் துணி மட்டுமே காய்ந்தது.

அப்போது சுங்கை சிப்புட் பக்கம், நான் பிறந்த தோட்டத்தில், கல்யாணமாகாத பெண் ஒருத்தி முழுகாமல் இருந்தாள். செய்தி வந்த மறுநாளே பஸ் பிடித்துப் போனேன். ஒரு தார் வாழைப்பழம், ஒரு சேலை. அந்தப் பெண்ணின் அம்மா சேலையைத் தொடவே இல்லை.

"ஒங்கிட்ட குடுத்தா என்னா ஆவும் தெரியுமா? தீவாளிக்குத் தீவாளி எம்மக கண்ணு முன்னாடி வந்து நிக்கும். நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காச்சி வேணாமா? இந்தப் புள்ள கடல் தாண்டித்தான் போவணும் தாயி."

கடல் தாண்டி யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஏன், ஒம் புருசன்தானே சொன்னாரு, அவுங்க தொரை கேக்குறாருன்னு."

வாய்க்குப் பூட்டு இல்லாத மனுஷன். கார் ஓட்டிக்கொண்டே முதலாளியிடம் ஊர்க்கதை பேசியிருக்கிறார். நான் கேட்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம். "ஒனக்கு வேணும்னு நீ சொல்லவே இல்லியே" என்றார். எட்டு வருஷமாக வெறும் தொட்டில் கயிற்றைப் பரண் மேல் சுருட்டி வைத்திருக்கிறவள் வாயைத் திறந்து வேறு சொல்ல வேண்டுமா?

ஆனால் நான் கிளம்பும்போது அந்த அம்மா படிவரை வந்து ஒன்று சொன்னாள். "அவுங்களுக்குக் கோர்ட்டுல சரிவரலன்னா, ஒனக்குத்தான். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்." அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் வாழ்ந்ததெல்லாம் அந்த முடிச்சுக்குள்தான்.

பிள்ளை வந்தது. பெண். கறுப்பு, சுருட்டை முடி, கோபக்காரி. துரைசானி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டு, பொம்மையை இறக்குவதுபோல் இறக்கினாள். பிள்ளை வீறிட்ட வீறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் துணி துவைத்த கையோடு ஓடினேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீராக என்னைப் பார்த்து, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் கேட்டாள்: "போலே?" முடியுமா?

முடியுமா என்று என்னைக் கேட்டாள்!

பின்கட்டுக் குழாயடியில் என் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றி, காலை நீட்டி, பிள்ளையைக் குப்புறக் கிடத்தினேன். முதுகில் விளக்கெண்ணெய், பிறகு பயத்தமாவு. திருப்பிப் போட்டு நெற்றியை நீவி, மூக்கை எடுத்துவிட்டேன். வாய் தானாகப் பாடியது: "காலு நீளட்டும், கையி நீளட்டும், எங்கிட்டயே இருக்கட்டும்." பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தது. கடைசியில் ஒரு கை தண்ணீர் எடுத்து, தலையை மூன்று சுற்று சுற்றி, கண்ணேறு போக வெளியே எறிந்தேன். அது துரைசானி நின்ற பக்கம் போய் விழுந்தது. தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பிள்ளை அரைமணி நேரம் எனக்கு. மற்ற நேரமெல்லாம் அவளுக்கு. அவள் தோளில் அது தூங்குவதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். சுவர்க்கோழி மாதிரி ஒன்று நெஞ்சுக்குள் விடாமல் கத்தும். அவளுடைய வெள்ளைக் கழுத்தில் என் பிள்ளையின் கறுப்புக் கை. என் பிள்ளை! இப்படித்தான் நினைத்தேன், வெட்கமே இல்லாமல்.

வக்கீல் வீட்டுக்குக் கார் ஓட்டிப் போய் வந்த என் வீட்டுக்காரர் ஒருநாள் சட்டம் கொண்டுவந்தார்.

"மூணு மாசம் விடாம புள்ள அவுங்க கையிலயே வளரணுமாம். அவுங்களும் இங்கயே குடியிருக்கிறவங்களா இருக்கணுமாம். வெல்ஃபேர்லேருந்து வந்து பாத்து எழுதுவாங்களாம். அப்பத்தான் கோர்ட்டு குடுக்கும். அதுவும் பத்தாதுலா, அவுங்க ஊருல இப்ப புதுசா சட்டத்த மாத்திட்டாங்களாம். அங்கயும் முன்கூட்டியே பர்மிஷன் வாங்கணுமாம்."

"வாங்கிட்டாங்களா?"

"அது வந்துருச்சாம். இங்கதான் இழுக்குது. கப்பல மூடப்போறாங்கன்னு பேச்சு. மூடிட்டா தொரைக்கு இங்க தங்குற பாஸ் இல்ல. பாஸ் இல்லன்னா குடியிருக்கிறவரும் இல்ல."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். கப்பல் மூடினால் அவருக்கும் வேலையில்லை. எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. பாஸ் முடியட்டும், கப்பல் தரை தட்டட்டும், உலகத்து ஈயமெல்லாம் குப்பைமேட்டுக்குப் போகட்டும். மடி முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வெல்ஃபேர் அம்மா ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். சித்தியவான் பக்கத்துத் தமிழ்க்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் கைக்குட்டை. நேராகப் பின்கட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளை என் காலில் கிடந்தது. துரைசானி துண்டைப் பிடித்துக்கொண்டு, வேலைக்காரி மாதிரி ஓரமாக நின்றாள். எனக்கு அந்தக் காட்சி எவ்வளவு இனித்தது!

"தெனம் நீங்கதான் குளிப்பாட்டுறீங்களா?"

"ஆமாம்மா. அவுங்களுக்குத் தெரியாது." கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

அவர் துரைசானியிடம் ஆங்கிலத்தில் ஏதோ பேசி உள்ளே அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் குனிந்தார். "இங்க பாருங்க தங்கச்சி. மனு போட்டவங்க கையில புள்ள இருக்கான்னு பாக்கத்தான் நான் வாரேன். ஒங்க கையில இருந்தா, நான் என்னா எழுதுறது? அடுத்த வாரம் வருவேன். அப்ப அவுங்க குளிப்பாட்டணும். சொல்லிக் குடுங்க. மேலிடத்துலயும் இப்பல்லாம் பாஸ் முடியிற வெளிநாட்டுக்காரங்கன்னா இறுக்கிப் புடிக்கிறாங்க. ஒரு ஓட்ட கெடைச்சா போதும்."

ஓட்டை நான்தான். தினமும் காலையில் பலகை போட்டு உட்காரும் ஓட்டை.

அந்த வாரம் முழுக்கக் குளிப்பாட்டினேன், சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் "போலே?" என்று கையை நீட்டும்போதெல்லாம் "நாந்தி, நாந்தி" என்றேன். அப்புறம், அப்புறம். முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். கையை வேகமாக ஓட்டினேன். பாட்டை மட்டும் உரக்கப் பாடினேன், பிள்ளைக்காக. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "ஏன்டி, அந்தப் பொம்பளைக்கு ஒரு குளியல் சொல்லிக்குடுத்தா கொறைஞ்சா போயிருவ?"

"ஒங்களுக்குக் கார் ஓட்டத் தெரியும். தொரைக்குச் சொல்லிக் குடுங்களேன். நாளைக்கே அவரு ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு, நீங்க நடந்து வாங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மச்சமுள்ள புள்ளடி அது. எனக்கும்தான் ஆச இருக்கு" என்றார். அவ்வளவுதான். தட்டைக் கழுவப் போய்விட்டார். அந்த மனிதருக்கு உள்ளே இப்படி ஓர் இடம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

வெல்ஃபேர் அம்மா வரும் காலை, தலைவலி என்று படுத்துவிட்டேன். கார் கதவு சாத்தும் சத்தம். என் சமையலறை ஜன்னலுக்கும் அந்தக் குழாயடிக்கும் பத்தடி இருக்கும். எழுந்து போய் நின்றேன். வீறலுக்காகக் காத்திருந்தேன். நாய் குரைக்கக் காத்திருந்தேன்.

துரைசானி என் பலகையை இழுத்துப் போட்டாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் ஏற்றினாள். காலை நீட்டினாள். அந்த நீளக் கால், வெயிலே படாத கால், அதில் புள்ளிப் புள்ளியாகச் செம்மச்சங்கள். பிள்ளையைக் குப்புறக் கிடத்தினாள். விளக்கெண்ணெய். பயத்தமாவு. திருப்பி, நெற்றியை நீவி, மூக்கை என் விரல் போலவே இரண்டு விரலால் எடுத்துவிட்டாள். என் இடதுகை குதிகாலைப் பிடிக்கும் விதம்கூட அவள் கையில் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் நின்று இத்தனை நாளும் அவள் கண்ணால் குடித்திருக்கிறாள். ஒரு சொட்டு விடாமல்.

பாடவும் செய்தாள். "காலு நீலட்டும், கையி நீலட்டும், எங்கிட்டயே இருக்கட்டும்." நாக்கு இடறியது, தாளம் இடறவில்லை. பிள்ளை அழவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. என்னைப் பார்த்த அதே பார்வை. எனக்கென்று தனியாக அது வைத்திருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த பார்வை.

வெல்ஃபேர் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடியாத்தி! யாரு சொல்லிக் குடுத்தா?" தமிழில் கேட்டுவிட்டு, நினைவு வந்து ஆங்கிலத்தில் கேட்டார். துரைசானி ஈரக் கையை என் வீட்டுப் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

பிறகு அந்தக் கையாலேயே தண்ணீர் எடுத்தாள். தலையை மூன்று சுற்று சுற்றினாள். நான் எந்தப் பக்கம் எறிவேன் என்று அவள் பார்த்து வைத்திருந்தாள்: எதிரே நிற்பவள் பக்கம். எதிரே இப்போது என் ஜன்னல்தான் இருந்தது. எறிந்தாள். சொட்டுகள் ஜன்னல் கம்பியில் தெறித்து என் முகத்தில் விழுந்தன. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத கை. ஆனால் தண்ணீருக்கு வழி தெரிந்திருந்தது. பிள்ளையின் மேல் பட்ட கண் எங்கே நின்றுகொண்டிருந்ததோ, அங்கேயே வந்து விழுந்தது.

நான் முகத்தைத் துடைக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து, துரையின் பாஸ் முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கோர்ட் கொடுத்துவிட்டது. வீட்டுக்காரர்தான் அவர்களைக் காரில் கூட்டிப் போனார். வரும் வழியில் எல்லாருக்கும் கச்சாங் பூத்தே வாங்கி வந்தார். எனக்கும் ஒரு பொட்டலம். அந்தக் கடலையைச் சிக்கு வாடை வரும்வரை பொட்டலத்தோடு வைத்திருந்து, பிறகு கோழிக்குப் போட்டேன்.

கப்பல் மூடியது. பங்களாவில் பெட்டிகள் கட்டினார்கள். எங்களுக்கும் ஜெலாப்பாங்கில் வாடகை வீடு பார்த்தாயிற்று; அங்கே ஏதோ பேக்டரியில் லாரி ஓட்டும் வேலை. கடைசி நாள் துரைசானி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். எனக்கு ஒரு சேலை. நான் பிள்ளையை வாங்கவில்லை. வாங்கினால் கொடுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அது என் மூக்குத்தியைப் பிடிக்க எட்டியது. கறுப்பு விரல், விளக்கெண்ணெய் வாசம்.

அவள் குழாயடியில் சாய்த்து வைத்திருந்த பலகையைக் காட்டினாள். "போலே?" என்றாள். தன்னோடு எடுத்துப் போகலாமா?

தேய்ந்த பலகை. ரப்பர் மரத்துண்டு. எங்கே போனாலும் இன்னொன்று கிடைக்கும்.

"தா போலே" என்றேன். முடியாது.

அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். காரின் கண்ணாடியில் ஒரு சின்னத் தலை திரும்பியதா இல்லையா, சொல்ல முடியவில்லை, வெயில்.

பலகை ஜெலாப்பாங் வீட்டிலும் குழாயடியில்தான் கிடந்தது. வீட்டுக்காரர் ஒருநாள் அதில் உட்கார்ந்து செருப்புத் தைத்தார். எழுந்திருங்க என்றேன். எழுந்துகொண்டார்.